அப்பாவின் மாத்திரை டப்பாவும் என் உச்சந்தலையும்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்து வைப்பது எங்கள் விளாங்குடி வீட்டில் என் வேலை. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, சிறுநீர் சரியாகப் பிரியாததால் ஆறு மாதங்களுக்கு முன்பு மருத்துவர் சேர்த்துக் கொடுத்தது ஒன்று என்று அட்டைகள் அடுக்கியிருக்கும். அன்றைக்கு அந்தக் கடைசி அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, பின்புறத்தில் ஃபினாஸ்டெரைடு 5 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் ஒரு தோல் மருத்துவர் என் உச்சந்தலையைப் பரிசோதித்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதிலும் ஃபினாஸ்டெரைடுதான், அளவு மட்டும் 1 மில்லிகிராம். 71 வயது அப்பாவின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பிக்கும் 38 வயது மகனின் தலைமுடிக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும் என்று விளங்காமல், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை இங்கே யாரோ செய்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன். அந்த முடிச்சு உண்மையானது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. நான் மருத்துவன் அல்லன்; கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஒரு பற்று ஒத்துவராவிட்டால் தூக்கம் வராத தொழில் என்பதால் இதையும் அப்படியே விட முடியவில்லை.

என் தலையில் நடந்துகொண்டிருப்பதை முதலில் எனக்குச் சொன்னவர், வடக்கு மாசி வீதிப் பக்கம் இருபது ஆண்டுகளாக எனக்கு முடி வெட்டிவரும் சலூன்காரர். வெட்டி முடித்ததும் பின்புறம் கைக்கண்ணாடியைக் காட்டி உடனே எடுத்துவிடுவது அவர் வழக்கம். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் அதை எடுக்காமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டே, "அண்ணே, உச்சியில ஒரு ரூபாக் காசு அகலத்துக்கு வெளிச்சம் விழுது, பாத்தீகளா?" என்றார். அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று அம்மா பின்னர் சொன்னார். அப்பாவுக்கு இன்று ஒரு காதிலிருந்து மறு காது வரை லாட வடிவில் மட்டும் முடி மிஞ்சியிருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே, ஊர் எல்லையில் நிற்கும் கருப்பசாமியின் சுதைச் சிலைக்கு இருப்பது போன்ற மீசை. காதுமடலிலிருந்து கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் முடி. சட்டைப் பொத்தானை மீறி வெளியே தெரியும் மார்பு முடி. ஒரே மனிதரின் உடலில், ஒரே இரத்தம் பாயும் தோலில், கழுத்துக்கு மேலே ஓரிடத்தில் தரிசும் மற்ற இடங்களிலெல்லாம் அடர்காடும் இருப்பதற்குக் காரணம் இரண்டு வேறு பொருள்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காரணம் ஒரே பொருள்.

விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டீரோன் இரத்தத்தின் வழியே உடலெங்கும் போகிறது. தோலிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் உள்ள 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதைப் பற்றி, டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன், சுருக்கமாக டி.எச்.டி., என்ற மற்றொரு ஹார்மோனாக மாற்றுகிறது. இரண்டுமே செல்லுக்குள் ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஒரே ஏற்பியில்தான் போய் ஒட்டுகின்றன என்றாலும், டி.எச்.டி. அதில் இன்னும் இறுக்கமாகவும் நெடுநேரமும் ஒட்டிக்கொள்வதால் அதன் வேகம் அதிகம். அந்த ஏற்பி மயிர்க்காலில் இருக்கும் இடம், அடிக்குமிழுக்குள் பொதிந்திருக்கும் பாப்பில்லா என்ற சிறு திசு. (மயிர் என்ற நல்ல தமிழ்ச் சொல்லை நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம், மயிர்க்கால் என்று எழுதும்போது மட்டும் அது தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.) முடியை உண்டாக்கும் செல்கள் எவ்வளவு காலம் பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளை இந்தப் பாப்பில்லாவிலிருந்துதான் போகிறது.

ஹார்மோன் கொண்டுவரும் செய்தி எல்லா இடத்துக்கும் ஒன்றே என்றாலும், அதைப் படிக்கும் மயிர்க்கால் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடுகிறது. தாடையில் உள்ள பாப்பில்லா டி.எச்.டி.யைப் பெற்றதும் ஐ.ஜி.எஃப்.-1 போன்ற வளர்ச்சிப் பொருள்களைச் சுரந்து மயிர்க்காலைப் பெருக்கச் செய்கிறது. வழுக்கை விழும் மரபுள்ளவரின் உச்சந்தலையில் இருக்கும் பாப்பில்லாவோ அதே டி.எச்.டி.யைப் பெற்றதும் டி.ஜி.எஃப்.-பீட்டா 1 போன்ற, வளர்ச்சியை அடக்கும் பொருள்களைச் சுரக்கிறது. பிடரியிலும் காதுக்கு மேலேயும் உள்ள மயிர்க்கால்கள் இந்தச் செய்தியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதே இல்லை. அப்பாவின் லாடம் அப்படித்தான் மிஞ்சியிருக்கிறது.

அடக்குவது என்றால் ஒரே நாளில் நடப்பதன்று. தலைமுடி ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வேர் சுருங்குகிறது. அதன் பின் ஏறத்தாழ மூன்று மாதங்கள் சும்மா இருந்துவிட்டு உதிர்கிறது. அதே குழியில் புது முடி முளைக்கிறது. மேலூர்ப் பக்கத்து வயலில் நடவு, அறுப்பு, தரிசு என்று போகம் மாறுவதைப் போன்ற ஏற்பாடு இது. வேறுபாடு என்னவென்றால், தலையில் உள்ள ஏறத்தாழ ஒரு இலட்சம் குழிகளும் ஒவ்வொன்றும் தனித்தனி நாள்காட்டி வைத்திருக்கின்றன. அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பே. டி.எச்.டி.க்கு இளகிக் கொடுக்கும் மயிர்க்காலில் ஒவ்வொரு போகத்திலும் வளரும் காலம் குறைகிறது. நான்கு ஆண்டுகள் வளர்ந்த முடிக்கு அடுத்த முறை இரண்டு ஆண்டுகள்தான் கிடைக்கும், அதற்கடுத்த முறை சில மாதங்கள். குமிழும் சிறுத்துக்கொண்டே போக, முடியின் பருமன் குறைந்து, நிறமும் வெளுத்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாத பூனைமுடியாக முடிகிறது. தலையணையில் எத்தனை முடி கிடக்கிறது என்று காலைதோறும் எண்ணிக்கொண்டிருந்த நான், எண்ண வேண்டியதை எண்ணாமல் விட்டிருந்தேன். விழுந்த முடியின் கணக்கு பெரிதில்லை. அது விழுந்த குழியில் அடுத்து முளைத்தது எவ்வளவு மெலிந்தது என்பதே கணக்கு.

இதை என் கண்ணாலேயே பார்க்க நேர்ந்தது. தோல் மருத்துவர் பேனா போன்ற ஒரு சிறு கருவியை என் தலையில் வைத்தபோது, மேசைமேல் இருந்த திரையில் முடி பெரிதாகத் தெரிந்தது. பிடரியில் வைத்தபோது எல்லாம் ஒரே தடிமனில், ஒரு குழியிலிருந்து இரண்டும் மூன்றுமாக, கருப்பு நூல் குத்தி வைத்தது போல இருந்தன. உச்சிக்குக் கருவியை நகர்த்தியதும் காட்சி மாறியது. தடித்த முடி ஒன்றுக்கு அருகிலேயே அதில் பாதிப் பருமனுள்ளது ஒன்று, அதற்கும் பக்கத்தில் சிலந்தி நூல் போல வெளிறிய ஒன்று. இரண்டிரண்டாக இருக்க வேண்டிய குழிகள் ஒற்றை முடியோடு நின்றன. பருமனில் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வுதான் ஆண்வகை வழுக்கையின் முதல் அடையாளம் என்று அவர் சொன்னார். ஏதாவது உடம்பு சரியில்லாமல் போய் முடி கொட்டுவதாக இருந்தால், முடிகள் எண்ணிக்கையில் குறையுமே தவிர இப்படி அளவில் கலந்து தெரியாது.

இந்த மருத்துவரிடம் போவதற்கு முன் நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பேருந்து நிலையத்துக்கு அருகே, குளிர்சாதன அறையும் வெள்ளை நாற்காலிகளுமாக இருந்த ஒரு முடி சிகிச்சை நிலையத்தில் முதலில் நுழைந்தேன். இரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டீரோன் அளவு பார்த்தார்கள். "உங்களுக்கு ஆண் ஹார்மோன் கூடுதல் சார், அதனால்தான் கொட்டுகிறது" என்று சொல்லி, ஹார்மோனைத் தலையிலேயே தடுத்து நிறுத்தும் என்று 3,200 ரூபாய்க்கு இரண்டு புட்டி எண்ணெயைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அறிக்கையைப் பார்த்தால், என் அளவு இயல்பான வரம்புக்கு நடுவில்தான் இருந்தது. எண்ணெய் நல்ல மணம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழுக்கை விழுந்தவருக்கு ஆண்மை அதிகம் என்று டீக்கடையில் ஆறுதல் சொல்வதும், ஹார்மோன் அதிகம் என்று அறிக்கையைக் காட்டிப் பயமுறுத்துவதும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள். வழுக்கை விழுந்தவர்களுக்கும் விழாதவர்களுக்கும் இரத்தத்தில் ஹார்மோன் அளவு பொதுவாக ஒன்றாகவே இருக்கிறது. வேறுபடுவது மயிர்க்காலின் இளகிய மனம்.

ஹார்மோன் தேவை, ஆனால் அது மட்டும் போதாது என்பதை முறையாகக் காட்டியவர் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன். விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பது கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்தே அறிந்த செய்திதான். 1942-இல் ஹாமில்டன் வெளியிட்ட ஆய்வு அதற்கு அடுத்த படிக்குப் போனது. பருவம் எய்துவதற்கு முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு, குடும்பத்தில் வழுக்கை இருந்தாலும் தலைமுடி அப்படியே இருந்தது. அவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோனைக் கொடுத்தபோது, வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு வழுக்கை விழத் தொடங்கியது, மற்றவர்களுக்கு விழவில்லை. மரபு காத்திருக்கிறது, ஹார்மோன் வந்து கதவைத் தட்டுகிறது என்று நான் இதை என் தம்பிக்கு விளக்கினேன்.

தம்பிக்கு இதில் அக்கறை குறைவு. அவனுக்கு உசிலம்பட்டித் தாய்மாமாவின் தலை வாய்த்திருக்கிறது. மாமாவுக்கு 64 வயதிலும் சீப்பு உடையும் அளவுக்கு முடி. "முடி தாய்மாமன் வழி" என்று எங்கள் பக்கம் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டுமே. ஆனால் அம்மாவிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒரே வயிற்றில் பிறந்த எனக்கு ஒன்றும் தம்பிக்கு மற்றொன்றும் வந்திருக்கலாம். போதாததற்கு வழுக்கையோடு தொடர்புடைய மரபணுக்கள் வேறு குரோமோசோம்களிலும் நிறைய இருக்கின்றன, அவை அப்பாவிடமிருந்தும் வரும். ஆகவே மாமாவின் தலையைப் பார்த்து மட்டும் ஆருடம் சொல்வது கிளி ஜோசியத்துக்கு ஒப்பானது.

போர் தண்ணீரையும் இங்கே விட்டுவிட முடியாது. மதுரையில் முடி கொட்டுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி "போர் தண்ணியா, வைகைத் தண்ணியா?" என்பதே. உப்பு நீரில் முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நடுவில் ஒடியும், இவை உண்மை. ஆனால் குளிக்கும்போது உச்சிக்கு ஊற்றும் அதே குவளைத் தண்ணீர்தான் பிடரி வழியாகவும் இறங்குகிறது. பிடரியில் ஒரு முடிகூடக் குறையவில்லையே! தலைக்கவசத்தால் கொட்டுகிறது என்பவர்களிடமும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

ஃபினாஸ்டெரைடின் கதை டொமினிகன் குடியரசின் ஒரு சிற்றூரில் தொடங்குகிறது. ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற பெண் மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே பெண் குழந்தைகள் என்று எண்ணி வளர்க்கப்பட்டு, பருவ வயதில் குரல் உடைந்து ஆண்களாக மாறிய சிலரைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் இயல்பாகவே சுரந்தது, அதை டி.எச்.டி.யாக மாற்றும் நொதிதான் பிறவியிலேயே குறைந்திருந்தது. கருவில் இருக்கும் ஆண் குழந்தைக்கு வெளிப்புற ஆணுறுப்பு உருவாக டி.எச்.டி. தேவை என்பதால் பிறக்கும்போது அந்த அடையாளம் தெளிவாகத் தெரியவில்லை. பெரியவர்களானபோது அவர்களுக்குத் தசை உறுதியும் ஆண் குரலும் வந்தன. தாடி மட்டும் அரிதாக இருந்தது, புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, முன்நெற்றி ஏறவில்லை. மூன்றையும் ஒரே வரியில் படித்தபோதுதான் எனக்கு அப்பாவின் டப்பா விளங்கியது. தாடியை வளர்ப்பதும், புராஸ்டேட்டைப் பெருக்க வைப்பதும், உச்சியைக் காலி செய்வதும் டி.எச்.டி.தான். அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாக மெர்க் நிறுவனம் உருவாக்கிய ஃபினாஸ்டெரைடு, 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997-இல் ஆண்வகை வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தத்தில் உள்ள டி.எச்.டி.யை அது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைக்கிறது.

தாடையின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அக்காவின் மகனுக்குப் பதினைந்து வயது. மேலுதட்டில் பூனைமுடி கருக்கத் தொடங்கியிருக்கிறது. தினமும் சிரைத்தால் மீசை தடிக்கும் என்று எவனோ பள்ளியில் சொல்லிவிட்டதால், மாமனான என் ரேசர் அடிக்கடி ஈரமாக இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது மொட்டை போட்டுக்கொண்டால் முடி அடர்த்தியாக வரும் என்று எங்கள் ஆச்சி சொன்னதும் இதே நம்பிக்கைதான். சிரைப்பது தோலுக்கு மேலே உள்ள, உயிரற்ற பகுதியை மட்டுமே எடுக்கிறது. கூரிய நுனி போய் மழுங்கிய நுனி வருவதால் விரலுக்குத் தடிப்பாகத் தெரிகிறது. 1928-இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியலாளர் இதை அளந்து பார்த்து, வேறுபாடு இல்லை என்று எழுதிவிட்டார். அழகருக்குச் செய்யும் நேர்த்திக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

தாடிக்கும் ஹார்மோனுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் படித்தவற்றில் மிகவும் பிடித்தது, 1970-இல் 'நேச்சர்' இதழில் தன் பெயரைச் சொல்லாமல் ஓர் அறிவியலாளர் எழுதிய குறிப்பு. ஆய்வுக்காக வாரக்கணக்கில் ஒரு தீவில் தனித்திருந்த அவர், மின் சவரக் கருவியில் சேரும் தூளைத் தினமும் எடை போட்டிருக்கிறார். காதலியைப் பார்க்கக் கரைக்குத் திரும்பும் நாள் நெருங்க நெருங்க, எதிர்பார்ப்பிலேயே தாடியின் வளர்ச்சி கூடியிருக்கிறது. அவர் பெயரைச் சொல்லாததன் காரணம் எவருக்கும் புரியும்.

காதுமடல் முடியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; ஆண்டுக்கணக்கில் ஹார்மோனில் ஊறிய பின் நடுவயதுக்கு மேல் தலைகாட்டும். ஆந்திரத்தைச் சேர்ந்த மரபியலாளர் கிருஷ்ண துரோணம்ராஜு தன் குடும்பத்து ஆண்களை ஆராய்ந்து, அது ஒய் குரோமோசோம் வழியாக வருவது என்று 1960-களில் எழுதினார். தென்னிந்திய ஆண்களின் மரபணுவை ஆராய்ந்த 2004-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று அதற்கு ஆதாரமில்லை என்றது. அப்பாவுக்கு இரண்டு முடிவுகளிலும் ஆர்வமில்லை. காதில் முடி இருந்தால் ஆயுள் கெட்டி என்பது அவருடைய முடிவு.

பெண்களுக்கும் சூல்பையிலும் அட்ரீனல் சுரப்பியிலும் ஆண் ஹார்மோன் சிறிதளவு சுரக்கிறது. அது கூடும்போது, குறிப்பாகச் சூல்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு, தாடையில் முடி தடிப்பதும் உச்சியில் வகிடு அகலுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். இந்த இரண்டையும் தனித்தனிக் குறைகளாக எண்ணி, ஒன்றுக்கு அழகு நிலையத்துக்கும் மற்றொன்றுக்கு நாட்டு மருந்துக் கடைக்கும் அலைபவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது மருத்துவரை. பிரசவத்துக்குப் பிறகோ, கடும் காய்ச்சலுக்குப் பிறகோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது இதில் சேராது. அது பெரும்பாலும் தானாகவே திரும்பி வந்துவிடும்.

முடி நடுதல் ஏன் பலிக்கிறது என்பதற்கும் விடை மேலே சொன்னதில்தான் இருக்கிறது. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைச் 1959-இல் எழுதியபடி, பிடரியிலிருந்து எடுத்து உச்சியில் நட்ட மயிர்க்கால், நட்ட இடத்தின் குணத்துக்கு மாறாமல், எடுத்த இடத்தின் குணத்தையே காட்டுகிறது. எத்தனை ஆண்டு ஆனாலும் பிறந்த வீட்டுக் குணத்தை விடாத மருமகள்போல, அங்கே போயும் டி.எச்.டி.யைப் பொருட்படுத்தாமல் வளர்கிறது. எனக்கு அந்தச் செலவுக்குத் துணிவில்லை.

மாத்திரையைத் தொடங்குவதா என்று ஒரு மாதம் யோசித்தேன். மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. ஆய்வுகளில் ஃபினாஸ்டெரைடு எடுத்தவர்களில் நூற்றுக்கு நான்குக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஏறத்தாழ இருவருக்கும் இல்லற நாட்டம் குறைவது போன்ற தொல்லைகள் வந்தன. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிட்டது. சிலர் நிறுத்திய பிறகும் நீடித்ததாகவும், மனச்சோர்வு வந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், நிறுத்தினால் காப்பாற்றியதெல்லாம் ஓராண்டுக்குள் போய்விடும் என்றார். தலையில் தடவும் மினாக்சிடிலையும் சேர்த்து எழுதினார். அது ஹார்மோனைத் தொடுவதே இல்லை. இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து, உடலெங்கும் முடி வளர்வதைக் கண்ட பிறகு தலைக்கு மாறி, 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "அப்ப எனக்கு ஆறு மாசமா உன்னைவிட அஞ்சு மடங்கு போகுது, ஒண்ணு கூட மொளைக்கலியே தம்பி" என்றார். நாற்பது ஆண்டுகளாகச் சிறுத்துப்போன மயிர்க்கால்கள் எழுந்து வருவது அரிது. மேலும் 5 மில்லிகிராம், 1 மில்லிகிராமைவிடச் சற்றுத்தான் கூடுதலாக டி.எச்.டி.யைக் குறைக்கிறது என்று விளக்கினேன். அவர் காதில் அது ஏறவில்லை. ஐந்தை நான்காக உடைத்தால் செலவு மிச்சமாகுமே என்பது அவருக்கு அடுத்து வந்த யோசனை. அதற்குத்தான் வீட்டில் இடமில்லை. தம்பியின் மனைவிக்கு இது ஏழாம் மாதம். உடைந்த மாத்திரையின் தூள் கர்ப்பிணியின் கையில் படக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால், டொமினிகன் சிற்றூரில் நொதி இல்லாமல் நடந்தது இங்கே மருந்தால் நடந்துவிடக்கூடும். முழு மாத்திரையின் மேல்பூச்சு அதைத் தடுக்கிறது. அன்றிரவே டப்பா சமையலறை அலமாரியிலிருந்து பரணுக்கு ஏறியது.

அப்பாவுக்கு அடுத்த வாரம், புராஸ்டேட் புற்றுநோயின் அறிகுறியை இரத்தத்தில் தேடும் பி.எஸ்.ஏ. பரிசோதனை. ஃபினாஸ்டெரைடு அந்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், மருத்துவர் அதை இரட்டித்துக் கணக்கிட வேண்டும். மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் விட்டால் புற்றுநோயின் முதல் அறிகுறிகூடக் கண்ணில் படாமல் போகலாம். அப்பாவின் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் அதை எழுதி வைத்தேன். பின்னர் எனக்கும் ஒரு கோப்பு வாங்கி, அதன் முதல் பக்கத்திலும் தொடங்கிய தேதியோடு அதையே எழுதினேன். இப்போது நான்காம் மாதம். சென்ற வாரம் சலூன்காரர் கைக்கண்ணாடியைப் பிடித்தபோது நான்தான் கேட்டேன். "ஒரு ரூபா ஒரு ரூபாயாவே இருக்குண்ணே, ரெண்டு ரூபா ஆகலை" என்று சொல்லிவிட்டு, காதோரம் கத்திரியைக் கொண்டுபோனவர், மடலில் புதிதாக நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை என்னைக் கேட்காமலே வெட்டிவிட்டார்.